ஏழாம் நம்பர் வால்யூம்

சிவசண்முகம் மேடையேறினால் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவார். கலைக்குச் செய்யும் மரியாதை என்று சனம் நினைத்துக்கொண்டது. சனம் எதையும் நினைக்கும். அவர் மரியாதை செய்தது காலடியில் கிடந்த ஒரு பெட்டிக்கு. உள்ளங்கை அகலம், ஆரஞ்சு நிறம், பெடல் என்று பெயர். கிதாருக்கும் ஒலியைக் கூட்டும் பெருக்கிக்கும் நடுவில் ஒயரால் சேர்த்து, காலால் ஒரு அமுக்கு அமுக்கினால் கிதாரின் ஒலி கரகரவென்று நீண்டு முழங்கும். மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அசல் ஜப்பான் சாமான். வீட்டில் அது பட்டுப் பைக்குள், பூஜை அலமாரியில், முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் நடுவில் இருக்கும். தெய்வத்தோடு வைத்த பொருளை மிதிக்கலாமா என்று அவர் மனைவி சீதாலக்ஷ்மி ஒருமுறை கேட்டதற்கு, வெறுங்காலால் மிதித்தால் தோஷமில்லை என்று பதில் வந்தது. அந்தச் சாத்திரம் எந்த ஏட்டில் இருக்கிறதென்று அந்த அம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை.

சிவசண்முகம் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் சூப்பிரண்டு. திருநெல்வேலி டவுணில், தேரோடும் வீதியில் சொந்த வீடு. நெல்லை ஸ்வரமஞ்சரி இன்னிசைக் குழு ஞாயிறுதோறும் ஒத்திகை பார்ப்பது அந்த வீட்டு மச்சில். வாடகை கிடையாது, நடுவில் காபியும் உளுந்த வடையும் வேறு வரும். குழுவில் அவர் கிதார் வாசிப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டே இருக்கலாம்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மைக் செட் கடை வைத்திருந்த கிருபைராஜுக்கு இந்த விவரமெல்லாம் தெரியும். ஸ்வரமஞ்சரியின் எல்லாக் கச்சேரிகளுக்கும் மைக் செட் அவருடையது. மேடைக்கு எதிரே ஒரு மேஜை போட்டு மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு லைன்; ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வால்யூம் குமிழ். ஒன்று பாடகருக்கு, இரண்டு பாடகிக்கு என்று வரிசையாகப் போய், ஏழு கிதாருக்கு.

அந்த ஏழில்தான் ரகசியம். ஆறு வருஷத்துக்கு முன்னால், நாங்குநேரியில் ஒரு கல்யாண வரவேற்பு. சிவசண்முகம் பெடலை மிதித்துத் தனி வாசிப்பைத் தொடங்கிய கணத்தில், பெண்ணின் தாய்மாமன் பாயசக் கிண்ணத்தோடு மிக்ஸர் மேஜைக்கு வந்து, பந்தலுக்குள் ஏதோ ஆட்டின் கழுத்தில் கயிறு இறுகிவிட்டது போலிருக்கிறது, யாராவது போய்ப் பார்க்கக் கூடாதா என்று விசனப்பட்டார். கிருபைராஜின் கை தன்போக்கில் போய் ஏழாம் குமிழை இடப்பக்கமாகத் திருகி அடைத்தது. பந்தலில் அமைதி. தாய்மாமன் ஆடு பிழைத்ததென்று நிம்மதியாகப் பாயசத்துக்குத் திரும்பினார். மேடையில் சிவசண்முகம் கண்ணை மூடி வாசித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் அவருடைய சொந்தப் பெருக்கி ஒன்று உண்டு. அவர் கேட்டது அதைத்தான். ஊரே அதைத்தான் கேட்கிறது என்று நம்பினார். கச்சேரி முடிந்ததும் வந்து, இன்றைக்குப் பெட்டி பேசிவிட்டது என்றார்.

அன்று முதல் ஆறு வருஷம், கல்யாணம், கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா என்று எங்கும் ஏழாம் குமிழ் திறக்கப்படவில்லை. அந்த ஜப்பான் பெட்டியின் நாதம் முழுவதும் சிவசண்முகத்தின் கெண்டைக்காலோடு நின்றது. குழுத் தலைவர் சாம்பசிவம் சார்வாளுக்கே இது தெரியாது. மேடையின் மறுகோடியில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் அவர். ஒத்திகையில் கிதாரைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பல் கூசும். ஆனால் ஊர் ஒரு தடவைகூடக் குறை சொல்லாததால், கோளாறு தன் காதில்தான் போலும் என்று முடிவு செய்து, நல்லெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

வினை ஓர் ஒத்திகையில் வந்தது. மிக்ஸரின் அடித்தகடு கழன்று தொங்க, சிவசண்முகம் குனிந்து உள்ளே பார்த்தார். முகப்பில் 'மேட் இன் ஜெர்மனி' என்று எழுதியிருந்த அந்தப் பெட்டியின் உள்பக்கத்தில், தோகை விரித்த மயில் ஒன்று நின்றது. மயிலுக்குக் கீழே 'சுத்தமான கடலை எண்ணெய்' என்று இருந்தது.

மேலப்பாளையத்தில் ரேடியோ பழுது பார்க்கும் தாஜ் முகம்மது செய்த பெட்டி அது. கடற்கரைக் கோயில் ஒன்றிலிருந்து பழுதுக்கு வந்த அசல் ஜெர்மன் மிக்ஸரை ஒன்பது நாள் வைத்திருந்து, அதன் வயிற்றிலுள்ளதையெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் வரைந்துகொண்டு, அதேபோல ஒன்றை எண்ணெய்த் தகரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். ஜெர்மனி என்ற எழுத்து மட்டும் கிருபைராஜின் சொந்தக் கைங்கரியம். அந்த அளவுக்குப் பகட்டு அவருக்கும் உண்டு.

சிவசண்முகம் அரைமணி நேரம் பேசினார். செம்பில் சாதி உண்டென்றார். ஈயப் பற்றவைப்பில் குளிர்தேசத்து ஈயம் வேறு, மேலப்பாளையத்து ஈயம் வேறு என்றார். அசலைப் பார்த்து எழுதியது நகல், நகலின் வழியாகப் போகிற நாதமும் நகல் என்றார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து மூன்று வெள்ளைக்காரக் கிதார்காரர்களின் பெயர்களை உதிர்த்தார்; மூன்றையும் மூன்று விதமாக உச்சரித்தார். கடைசியில் தீர்ப்பு.

"டூப்ளிகேட் சாமான் மனுசனையும் டூப்ளிகேட் ஆக்கிரும் வே. ஆறு வருசமா ஒருத்தன்கூட எங்கிட்ட வந்து கிதார் பிரமாதம்னு சொல்லலியே, ஏன்னு யோசிச்சேன். எல்லாத்தையும் உம்ம எண்ணெய் டின்னு குடிச்சிருக்கு."

அடுத்த கச்சேரிக்கு மதுரையிலிருந்து முழுக்க வெளிநாட்டுச் செட் வரவேண்டும், இல்லையென்றால் மச்சும் இல்லை, வடையும் இல்லை என்று சாம்பசிவத்திடம் சொல்லிவிட்டார். சார்வாள் தலையாட்டினார். கிருபைராஜுக்கு ஜெனரேட்டரும் சீரியல் பல்பும் மட்டும் மிஞ்சின. மதுரைச் செட் எடுபட்டால் வருஷம் முழுவதும் அதுதான் என்றும் பேச்சு. ஸ்வரமஞ்சரி கைவிட்டால் அவருக்கு இருக்கப்போவது சடங்கு வீடும் சாவு விழுந்த துஷ்டி வீடும்தான்.

வீட்டில் அவர் மனைவி கிரேஸி கேட்டாள், உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன என்று.

"சொன்னா எனக்குப் பொழப்பு போவும். அந்த மனுசனுக்கு உசுரு போவும்."

"அப்பம் ஏழாம் நம்பரைத் தொறந்து வச்சிருக்கலாம்லா?"

அதற்கும் வழியில்லை. திறந்தால் கேட்கிற சத்தத்துக்கு ஊர் என்ன சொல்லும்? மைக் செட் சரியில்லை என்றுதான் சொல்லும். பாடகனுக்குத் தொண்டை கட்டினாலும், மழை வந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போனாலும் மைக் செட்தான் சரியில்லை. அடைத்தாலும் பழி, திறந்தாலும் பழி.

விக்கிரமசிங்கபுரத்தில், மில் தொழிலாளர் குடியிருப்பில் ஆயுத பூஜை விழா. மத்தியானம் மூன்று மணிக்குக் கச்சேரி. சந்தனமும் குங்குமமும் பூசிய சைக்கிள்கள் வரிசையாக நிற்க, குடும்பம் குடும்பமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிருபைராஜ் பந்தலுக்குப் பின்னால் தன் ஜெனரேட்டரோடு ஒதுங்கியிருந்தார். மேடைக்கு எதிரே மதுரைக்காரர், கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் தொங்கும் ஹெட்ஃபோனுமாக, அசல் மிக்ஸருக்கு முன்னால் வீற்றிருந்தார். அவருக்கு யாரையும் தெரியாது. பன்னிரண்டு லைனையும் ஒரே அளவாகத் திறந்து வைத்தார். அப்படிப்பட்ட சமத்துவத்தை அந்த மேடை அதற்கு முன் கண்டதில்லை.

மூன்றாம் பாட்டில் கிதாருக்கு இடம் வந்தது. சிவசண்முகம் வெறுங்காலால் பெடலை மிதித்தார்.

மில் ஊரின் காது தனி. முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர்கள் சுற்றும் இரைச்சலுக்குள் நின்றுகொண்டு, எந்த மூலையில் எந்தப் பட்டை தளர்கிறது என்று சொல்லும் காது. பத்துப் பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ரசித்து எழவில்லை, இயந்திரத்தைக் காப்பாற்ற எழுந்தார்கள். விழாக் கமிட்டி ஆள் ஒருவர் பந்தலுக்குப் பின்னால் ஓடிவந்து, ஜெனரேட்டரில் பேரிங் போய்விட்டது, உடனே நிறுத்தும் என்றார். கிருபைராஜ் நிறுத்தினார். நிறுத்தியதும் சத்தம் நின்றது. ஆகவே ஜெனரேட்டர்தான் என்று எல்லோரும் ஒருமனதாகக் கண்டுபிடித்தார்கள். மேடையிலிருந்து சிவசண்முகம், அந்த ஆள் வைத்திருப்பதெல்லாமே டூப்ளிகேட்தான் என்று உரக்கச் சொன்னார்.

கிருபைராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டார். மிக்ஸர் போய், இப்போது ஜெனரேட்டரும் போகப்போகிறது.

அப்போதுதான் சுவிசேஷமுத்து முன்னால் வந்தார். மில்லில் தலைமை ஃபிட்டர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. இடுப்பிலிருந்து நீளத் திருப்புளியை உருவி, ஜெனரேட்டரை ஓட்டச் சொன்னார். திருப்புளியின் முனையை இயந்திரத்தின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி நாலு இடம்.

"பேரிங் பால் மாதிரி ஓடுது. இது இல்ல."

மேடையில் வாசிப்பு மறுபடி தொடங்கியிருந்தது; ஃபிட்டர் சத்தம் போகிற வழியைத் தேடிக்கொண்டு பைய நடந்தார். மதுரை மிக்ஸர் மேல் வைத்தார், பழுதில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகள், பழுதில்லை. மேடையேறினார். சிவசண்முகத்தை வாசித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து, முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் நடுவில் வாழ்ந்த அந்தப் பெட்டியின் மேல் எண்ணெய் பிசுக்கேறிய திருப்புளியை ஊன்றினார். சிவசண்முகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசிப்பை நிறுத்த வேண்டாம் என்று கையாலேயே அடக்கினார் ஃபிட்டர். ஜப்பான் பெட்டியிலும் பழுதில்லை. கிதாரின் கட்டையில் வைத்தார். நிமிர்ந்தார். அவர் முகத்துக்கு நேரே இருந்தது எந்த மைக் என்று அவர் கவனிக்கவில்லை.

"அண்ணாச்சி, கோளாறு சாமான்ல இல்ல. ஓட்டுத ஆளுகிட்ட இருக்கு."

கேலியாகச் சொல்லவில்லை. முப்பது வருஷமாக மில்லில் எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் இதுவும் ஒன்று. அசல் வெளிநாட்டுச் செட் ஆகையால், கடைசி வரிசையில் பலகாரம் தின்றுகொண்டிருந்தவர்களுக்குக்கூட ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் காதில் ஒரு குறையும் இல்லை என்று அந்த மனிதருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது சொந்த ஊர்க் கூடத்தைச் சொன்னாள். இவர் ஒரு கூடத்தைச் சிங்கப்பூர் வழியாகத் தருவித்து, இன்னொன்றை மதுரையிலிருந்து வண்டியேற்றிக்கொண்டு வந்து, இரண்டும் நேராக இருப்பதை ஊர் முன்னால் நிரூபித்துக்கொண்டார்.

பத்து நாள் ஒத்திகை இல்லை. சிவசண்முகம் இனிக் கிதாரைத் தொடமாட்டார் என்று கிருபைராஜ் நினைத்தார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பெரிய மனிதர்கள் விஷயத்தில் நாம் வழக்கமாகச் செய்கிற தப்பு இது. அவர்களுக்கு வெட்கம் வரும் என்று எண்ணுவது.

பதினோராம் நாள் காலையில் சிவசண்முகம் கடைக்கு வந்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்டார். வெளிநாட்டுச் சாமான் குளிர்தேசத்துக்கென்று செய்தது. தாமிரபரணிக் காற்றின் ஈரத்தில் அதற்குப் புத்தி தடுமாறிவிடுகிறது. செம்பு இந்தச் சீமைச் செம்பாக இருந்தால்தான் இந்தச் சீமை நாதம் வரும். ஆறு வருஷம் எத்தனையோ ஊரில் வாசித்தாரே, ஒருவன் வாய் திறந்திருப்பானா? அதற்கெல்லாம் காரணம் அந்த எண்ணெய் டின்தான். அன்றைக்கு ஒத்திகையில் அரைமணி நேரம் பேசியதை அப்படியே தலைகீழாக்கி, இப்போது முக்கால் மணி நேரம் பேசினார். அதே மூன்று பெயர்களை மறுபடியும் உதிர்த்தார்.

"நம்ம மிக்ஸரையே எடும் வே. பெடலுக்கும் ஒரு நகல் செய்யச் சொல்லும், அந்தப் பாய்கிட்ட. அசலு அலமாரியில இருக்கட்டும்."

நிபந்தனை ஒன்று வைத்தார். இனி ஏழாம் நம்பர் வால்யூமைக் கச்சேரிக்கு முன் அவரே வைப்பார். வேறு ஆள் தொடக் கூடாது. கிருபைராஜ், செய்துவிடலாம் என்றார். அன்று சாயங்காலமே மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு மேலப்பாளையம் போனார். தாஜ் முகம்மது விவரத்தைக் கேட்டார். அடித்தகட்டைக் கழற்றி, ஏழாம் குமிழுக்குப் போகிற ஒயரை வெட்டி எடுத்தார். குமிழ் மட்டும் முன்னைவிட வழுவழுப்பாகச் சுற்றும்படி ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

கார்த்திகையில் டவுணில் ஒரு கல்யாணம். சாம்பசிவம் அந்த வருஷக் கச்சேரித் தேதிகளையெல்லாம் எழுதிய தாளைக் கிருபைராஜின் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். மயிலுள்ள மிக்ஸர் பழைய மேஜையில் இருந்தது. சிவசண்முகம் மேடையில் இரண்டு கம்பி தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவந்து, ஏழாம் குமிழைப் பிடித்தார். ஐந்தில் வைத்துத் தலையை ஆட்டினார். எட்டுக்கு நகர்த்தினார். தலையைச் சாய்த்து யோசித்து, பத்துக்குத் திருப்பினார். முகம் கனிந்தது.

"பாத்தீரா? ஜப்பான்காரன் செய்வானா இத?"

"முடியாது அண்ணாச்சி. அவனால முடியவே முடியாது" என்றார் கிருபைராஜ். அவரிடம் ஆறு வருஷத்தில் மனசறிந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

சிவசண்முகம் மேடையேறினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலடியில், பெருங்காய டப்பாவுக்குள் தாஜ் முகம்மது கட்டிக் கொடுத்த புதுப் பெடல் காத்துக்கொண்டிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு அதை மிதித்தார்.