சிவப்புப் பொட்டு வைத்த ராணி

1

வாசகப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: தேனீ வளர்ப்பைப் பற்றி மனித குலம் இதுநாள் வரை எழுதிவைத்த அனைத்தும் இன்று காலை பதினொன்றரை மணியோடு காலாவதியாகின்றன. அப்போதுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: "ராணி இறந்துவிட்டாள்."

அடித்துவிட்டேன். முதுமையால் காலமானதுபோல் இருக்கிறது. கொன்றது நான். சமூகத்தின் வலியிலிருந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மச்சானிடம் சொல்லப் பயந்து எழுதுகிறேன்.

2

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஓய்வுபெற்ற துணை மேலாளர். [இந்தப் பாத்திரத்தை யார் நம்புவார்கள் என்று எழுத உட்கார்ந்ததிலிருந்தே சந்தேகம். இரண்டு நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்து, அங்கே தந்த சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டும் மனிதரை நானே கற்பனை செய்திருந்தால், மிகை என்று வெட்டியிருப்பேன்.]

அவருடைய ஒற்றைத் தேனீப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் 'கிளை அலுவலகம்'. வேலைக்காரத் தேனீக்கள் ஊழியர்கள். ராணி, நிர்வாகம். அத்தனை கூட்டத்தில் ராணியைச் சட்டென்று கண்டுபிடிக்க, தன் மனைவியின் நெயில் பாலிஷில் தீக்குச்சி முனையைத் தொட்டு அவள் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் கிடைக்காத பெருமை அந்தப் பொட்டில் கிடைத்தது அவருக்கு.

மகள் வீட்டுக்கு ஐந்து வாரம் கிளம்பியவர், பெட்டியை எங்கள் வீட்டு மாடியில் வைத்துவிட்டு எனக்குப் பொறுப்பு மாற்றிக்கொடுத்தார். பத்து நாளுக்கு ஒருமுறை ஆய்வு. புகை இரண்டே ஊது. அடைகள் தொங்கும் மரச்சட்டங்களில் முதலில் ஓரத்துச் சட்டத்தை வெளியே எடுத்து இடம் பண்ணிக்கொண்டு, பிறகுதான் நடுச் சட்டம். கடைசியாக என் தோளில் கை வைத்தார்.

"ராணியப் பத்திரமா பாத்துக்கங்க மாப்பிள்ளை. நிர்வாகம் இல்லேன்னா ஒருத்தனும் வேலை செய்ய மாட்டான்."*

* வேலைக்காரத் தேனீக்கள் அத்தனையும் பெண்கள். பயிற்சியின் இரண்டாம் நாள் மச்சான் சீக்கிரம் கிளம்பிவிட்டார் என்று கேள்வி.

3

சம்பவத்தை எப்படித் தொடங்குவது?

"இளவெயில் பொன்னாக உருகி..." மேகமூட்டம்.

"பழகிய கைகளால் மூடியைத் திறந்து..." யாருடைய கைகள்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாள் பொறுக்கவில்லை. இரண்டாம் நாளே திறந்தேன். முகவலையின் நாடாவைக் கட்ட மறந்திருந்தேன். புகையில் பாதி தேனீக்களுக்கும் மீதி என் கண்ணுக்கும் போனது. ஓரத்துச் சட்டத்தைத் தொடாமல் நேராக நடுச் சட்டத்தை உருவினேன்.

[இந்த இடத்தில் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. கையில் ஒரு கனம். அந்தக் கனம் முழுக்க ஒரு ரீங்காரம். அடையின் ஒவ்வோர் அறைக்குள்ளும் அரிசி நொய்யைவிடச் சின்னதாக முட்டைகள். நடுவில் சிவப்புப் பொட்டு, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சே விட மனசில்லை.]

அப்போது ஒரு தேனீ வலைக்குள் புகுந்து என் மூக்கில் உட்கார்ந்தது. சட்டத்தை நெருக்கமான அந்த இடுக்கில் ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு மாடிப்படி வரை ஓடினேன். திரும்பி வந்து தூக்கிப் பார்த்தபோது பொட்டு இருந்தது. சட்டத்தின் விளிம்பில், நசுங்கி.

4

இரண்டாவது பிரதியில் ஒரு பலத்த காற்றை வரவழைத்துப் பழியை அதன்மேல் போட்டிருந்தேன். மனைவி துணி மடித்தபடியே படித்தாள்.

"காத்தா? அன்னைக்குக் கொடியில ஒரு துணிகூட அசையலையேங்க."

கதையில் கொஞ்சம் காற்று அடிக்கலாம் என்றேன்.

"அடிக்கட்டும். அப்ப அந்த ராணியக் கொன்னதும் கதையில வர யாரோதானா?"

காற்றை அடித்துவிட்டேன்.

5

ராணி போன பிறகு பெட்டிக்குள் ஒரு நாள் முழுக்க இரைச்சல். கிளை அலுவலகம் மூடப்படுகிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஆறாம் நாள் பார்த்தால், அடையில் நிலக்கடலை போல் சில கூடுகள் தொங்கின. செத்த ராணி விட்டுப்போன சாதாரணப் புழுக்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, வேறு சாப்பாடு போட்டு, ஊழியர்களே புதிய ராணியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றறிக்கை கிடையாது. ஆலோசனைக் கூட்டம் கிடையாது. சால்வையும் கிடையாது. நாலாவது வாரம் புது முட்டைகளைப் பார்த்தேன்; அவற்றுக்குப் பக்கத்தில் அவளையும். நீளமாக, கருப்பாக, முதுகில் ஒன்றுமில்லாமல் நடந்துகொண்டிருந்தாள்.

மாடியில் தனியாக நின்று கைதட்டினேன். [இதை வெட்டலாமா? வேண்டாம், இருக்கட்டும்.]

6

மச்சான் மகள் வீட்டிலிருந்து நேற்றுத் திரும்பிவிட்டார். நாளை காலை பத்து மணிக்கு இங்கே வருகிறார். பழைய அலுவலக நண்பர்கள் நாலு பேரும் கூட. பொட்டைக் காட்டத்தான்.

முடிவு (அ): நான் புது ராணிக்கு ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன். நெயில் பாலிஷ் இந்தக் காகிதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணியிடம் நைசாக விசாரித்து அதே நிறத்தில் மனைவி வாங்கிவந்தது. கூடவே ஒரு தீக்குச்சியும் வைத்தாள்.

"ஒண்ணு பொட்டு வைங்க, இல்ல வாயத் திறங்க. எங்கண்ணன் நாலு பேரு முன்னாடி முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது."

மாடிக்குப் போனேன். முகவலை நாடாவைக் கட்டினேன். ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்தேன். ஆனால் ஏற்கெனவே ஒரு ராணியைக் கொன்ற விரல்களால் இன்னொருத்தியைப் பிடிக்க முடியவில்லை. மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

முடிவு (ஆ): போனில் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறேன். கூப்பிட்டேன். மச்சான் எடுத்ததும், "நிர்வாகம் எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்றார். ஜோராக இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை.

ஆகவே முடிவு (இ): வாயால் ஆகாததை எழுத்து செய்யும். இந்தக் கதையை இன்று மாலையே அவர் வீட்டில் கொடுத்துவிடுவேன். படித்துவிட்டு அவர் சிரிப்பாரா, சான்றிதழைக் கழற்றுவாரா, பெட்டியை எனக்கே தந்துவிடுவாரா என்பதை வாசகர்களாகிய உங்களிடம் விட்டுவிடுகிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

(...................................)

நான் எழுதிய எதையும் மச்சான் இதுவரை படித்ததில்லை.