மெல்போர்னுக்குப் போன தர்ப்பை

அஸ்தினாபுரத்தில் யக்ஞநாராயண வாத்தியார் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2007ஆம் வருஷம் தை மாதம். வாங்கியது அவர் மனைவி ரமா. வாத்தியாருக்கு அதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை; முப்பது வருஷக் குடித்தனத்தில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் உட்காரப் பழகியிருந்தார். அவர் புரோகிதம் பண்ணிவைத்த குடும்பங்களின் பிள்ளைகளெல்லாம் வெளிநாடு போய்விட, அமாவாசையன்றுகூட ஸ்கூட்டரை எடுக்கிற வேலை குறைந்துகொண்டே வந்தது.

"அவா வராட்டா நாம போவோம்" என்றாள் ரமா. போவதென்றால் இன்டர்நெட்டில்.

மாடியில் குடியிருந்த ஜெயஸ்ரீ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாள். தர்ப்பைக் கட்டு, பூணூல், ஹோமத்துக்குச் சமித்து, வரட்டி என்று வரிசையாகப் படம்; கீழே டாலரில் விலை. வரட்டிக்கு டாலரில் விலை போட்ட அன்று ரமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆன்லைன் பிசினஸ் ஆரம்பிச்சிருக்கேன்" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். குரோம்பேட்டை மார்க்கெட்டில் கீரைக்காரியையும் விடவில்லை.

மூன்று மாதம் ஈ ஓட்டிய பிறகு ஓர் ஆர்டர் வந்தது. அனுப்பியவன் ராகவேந்திரா. பக்கத்துத் தெருவில் வளர்ந்த பையன், இப்போது மெல்போர்னில் இருக்கிறான். போன வருஷம் காலமான அவன் அப்பாவுக்கு முதல் வருஷத் திதி வருகிறதாம், தர்ப்பையும் வரட்டியும் வேண்டுமாம். 'கவலைப்படாதே, நாள் தவறாமல் கைக்கு வந்து சேரும்' என்று எழுதிவிட்டு, ரமா தன் கையாலேயே பொட்டலம் கட்டி அனுப்பினாள். அன்று வீட்டில் பாயசம்.

ஒரு வியாழக்கிழமை அவனிடமிருந்து மெயில் வந்தது.

'மாமி, பார்சலை இங்கே பிடித்துவிட்டார்கள். புல், சாணம் எதுவும் இந்த நாட்டுக்குள் வரக்கூடாதாம். எரித்துவிட்டோம் என்று கடிதம் வந்திருக்கிறது. சனிக்கிழமை திதி. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. இந்த ஊரில் யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை.'

பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு வார்த்தை இல்லை. அதுதான் ரமாவைச் சுட்டது.

"வரட்டியையா அனுப்பினே? ஆஸ்திரேலியாவுக்கா?" என்றார் வாத்தியார். "போகட்டும், எரிச்சாளோல்லியோ, அதுவும் ஒரு ஹோமந்தான்."

ரமா சிரிக்கவில்லை. "வந்து சேரும்னு வாக்குக் கொடுத்தது நான். தெவசம் தவறிப்போனா அந்தப் பாவம் எனக்குத்தான்" என்று அழுதாள். வாத்தியார் மனைவியின் அழுகைக்கு மட்டும் பயப்படுகிறவர். பஞ்சாங்கத்தை எடுத்தார். விரல்விட்டு எண்ணினார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணினார்.

"சனிக்கிழமைன்னு அவனுக்கு யார் சொன்னா? நம்ம ஊர்க் காலண்டரைப் பார்த்திருப்பான். அங்க நமக்கு முன்னாடியே பொழுது போயிடறது. அங்க சனிக்கிழமை மத்தியானம், தெவசம் பண்ற நேரத்துல, இங்க காலைதான்; திதி ஆரம்பிச்சே இருக்காது. ஞாயித்துக்கிழமை பண்ணச் சொல்லு."

ரமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பொட்டலம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால், பையன் நல்ல தர்ப்பையை வைத்துக்கொண்டு தப்பான நாளில் தெவசம் பண்ணியிருப்பான். அவளும் விற்றாயிற்று என்று சந்தோஷமாக இருந்திருப்பாள்.

"தர்ப்பைக்கு என்ன பண்றது?"

"அருகம்புல் கிடைக்குமான்னு கேளு. சாஸ்திரத்துல அதுக்கு இடமிருக்கு. அரிசி, காய் கொடுத்துப் பண்ணினா ஹோமம் வேண்டாம், வரட்டியும் வேண்டாம்."

கேட்டாள். கொஞ்ச நேரத்தில் ராகவேந்திராவின் மனைவி ஸஹானா வீட்டுத் தோட்டத்தைப் படமெடுத்து அனுப்பினாள். வாத்தியார் மூக்குக் கண்ணாடியோடு திரையில் முட்டாத குறையாகக் குனிந்தார். "வாசல்லேர்ந்து கொல்லை வரைக்கும் அருகம்புல்! இதை வெச்சுண்டா இங்கேர்ந்து புல் வரவழைச்சான்?"

ஆனால் கம்ப்யூட்டர் வழியாக மந்திரம் சொல்லிவைக்க வேண்டும் என்று ரமா சொன்னதும் தயங்கினார். "அது விக்கற சரக்கு இல்லை, ரமா."

"யார் விக்கச் சொன்னா? கொழந்தை தனியா நிக்கறான். நீங்க கூட நில்லுங்கோ, அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குன்னு கேட்டு எழுது" என்றார் வாத்தியார்.

சனிக்கிழமை ஜெயஸ்ரீ மைக்கும் ஸ்பீக்கரும் மாட்ட வந்தாள். "அந்தத் தர்ப்பை, வரட்டிப் படமெல்லாம் எடுத்துடும்மா" என்றாள் ரமா.

"எல்லாத்தையும் எடுத்துட்டா விக்கறதுக்கு என்ன இருக்கு மாமி? அப்புறம் பிசினஸ் ஏது?"

"உங்க கம்பெனியில என்ன விக்கறேள்?"

"நாங்களா? அமெரிக்காவுல ஒரு பேங்க். அவங்க சிஸ்டம்ல பிரச்சினைன்னா இங்கிருந்தே பார்த்துச் சரிபண்ணுவோம்."

"ஒரு பொட்டலமாவது கட்டி அனுப்பியிருக்கியா?"

ஜெயஸ்ரீ யோசித்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஒண்ணுகூட இல்லை மாமி."

"பாத்தியா? சாமான் விக்கறது பிசினஸ்ல ஒரு வகை. நான் அதுதான் மொத்தமும்னு நெனச்சுண்டுட்டேன். அவனுக்கு வேண்டியது புல்லு இல்லை. என்னிக்கு, எப்படின்னு சொல்றதுக்கு மனுஷா. வார்த்தை கடல் தாண்டிப் போகும், அதை எவனும் எரிக்க மாட்டான்."

படங்கள் போயின. 'உங்கள் ஊரில் திதி எந்த நாள்? எங்களைக் கேளுங்கள்' என்ற வரி மட்டும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. அங்கே மத்தியானம், இங்கே காலை. வாத்தியார் குளித்து மடியாக வந்து கம்ப்யூட்டர் முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தார். திரையில் முகம் தெரியாது, குரல் மட்டும். அவர் சொல்லச் சொல்ல ராகவேந்திரா திருப்பிச் சொன்னான். அப்பா பெயரைச் சொல்லும் இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது.

"நிதானமா சொல்லு" என்றார் வாத்தியார். "நான் எங்கேயும் போகலை."

அந்த நிமிஷத்தில் ரமாவுக்குப் புருஷன்மேல் பொங்கி வந்த நன்றியை முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவள் உணர்ந்ததில்லை.

எல்லாம் முடிந்தது. அரிசியும் காயும் கோயிலில் கொடுக்க ஸஹானா எடுத்துவைத்துவிட்டாள். ராகவேந்திரா மட்டும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"மாமா, எங்கப்பா தாத்தாவுக்குத் தெவசம் பண்ணி முடிஞ்சதும் சாப்பிட்டவா முன்னால கைகூப்பி நின்னு 'திருப்தியா'ன்னு கேப்பார். இங்க யாரும் சாப்பிட உக்காரலை. நான் யாரைக் கேக்கறது?"

வாத்தியார் மைக்கை எடுத்து, நிலைப்படியில் நின்றிருந்த ரமாவின் பக்கம் நீட்டினார்.

"மாமியைக் கேளுடா. வியாழக்கிழமையிலேர்ந்து உனக்காகச் சோறு எறங்காம இருந்தது அவதான்."

"மாமி, திருப்தியா?"

ரமா மைக்கருகே குனிந்தாள். "திருப்திடா கண்ணா. ரொம்பத் திருப்தி" என்றாள். நன்றி சொல்ல வேண்டியவன் அவன்தான் என்று ஊர் சொல்லும். கைகூப்பிக்கொண்டு நின்றது அவள்.