மிதந்த இரும்புப் பெட்டி

1943 மார்ச்சில், பென்சில்வேனியாவின் கோல்வர் ரன் என்ற நிலக்கரி ஊரில், எங்கள் ஸ்லோவாக் ஆயுள் காப்புச் சங்கத்தின் இரும்புப் பெட்டி தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. அந்த வாரம் முட்டை டஜன் நாற்பது சென்ட். நான்கு சுரங்கக்காரர்கள் சேர்ந்தாலும் நகராத பெட்டி என்பதால் முதலில் யாரும் நம்பவில்லை. மண்டபத்தைக் கூட்டுகிறவள் மட்டும், அடியில் துடைப்பம் போகிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நகரத்துப் பெரிய காப்பீட்டுக் கம்பெனிகள் போர்ச் சாவுக்குப் பணம் கிடையாது என்று பத்திரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தன. எங்கள் சங்கமோ சுரங்கம் இடிந்து செத்தவர்களுக்காகச் சுரங்கக்காரர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தொடங்கியது. மண்ணுக்கடியில் செத்தாலும் கடலில் செத்தாலும் பிள்ளை பிள்ளைதான் என்று கைதூக்கி முடிவெடுத்தோம். மகன் போரில் செத்தான் என்று தந்தி வந்த வீட்டுக்கெல்லாம் முழுத் தொகை போனது. ஒவ்வொரு தடவையும் பணம் குறைந்து பெட்டி இன்னும் கொஞ்சம் மேலே போனது. அடுத்த வருட இலையுதிர்காலத்தில் பொருளாளர் மத்தூஷ் ஹர்வான் நாற்காலி மேல் ஏறித்தான் அதைத் திறந்தார்.

சங்கக் கணக்கைச் சோதிக்கும் மாநில அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தார். "இன்னொரு தொகை எடுத்தீங்கன்னா கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிடும். அடுத்த மாசமும் இப்படியே மிதந்தா சங்கத்துக்குப் பூட்டுதான்" என்றார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, மத்தூஷுக்கே தந்தி வந்தது. ஒரே மகன் ஷ்டெஃபான், பிரான்சில். அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மனைவி வெரோனாவிடம் சொன்னால் தொகை கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் ஊரின் பணமெல்லாம் கூரை வழியே போய்விடும். நல்ல மனிதர், இந்த மடத்தனத்துக்கு நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

சங்கத்தின் மார்புப் பட்டைக்கு இரண்டு பக்கம்: ஊர்வலத்துக்குச் சிவப்பு, சாவுக்குக் கறுப்பு. அந்த ஞாயிறு கோவாச் வீட்டுப் பையனுக்குச் சவப்பெட்டி இல்லாமலே பூசை நடந்தது. முடிந்ததும், மண்டபத்தில் சாப்பிட உட்காருமுன், எல்லோரும் பட்டையைச் சிவப்புக்குத் திருப்பினோம். மத்தூஷின் கை பட்டை வரை போய், திருப்பாமல் இறங்கிவிட்டது. வெரோனா எதிரே முட்டைக்கோஸ் சுருள் தட்டோடு நின்றிருந்தாள்.

"பட்டையைத் திருப்பலையா நீ?"

"திருப்பறேன்."

"எப்ப?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா சுமந்துக்கிட்டுத் திரியற, மத்தூஷ்?"

"செவ்வாய்க்கிழமைலேர்ந்து. பணத்தை எடுத்தா பெட்டி போயிடும், வெரோனா."

"கோவாச் பையனுக்குப் போன மாசம் குடுத்தியே. எம்புள்ள மட்டும் சங்கத்துல சேர்த்தி இல்லையா? எடு. ஒரு டாலர் குறையக் கூடாது."

எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். பெட்டி கூரைப் பலகையில் முட்டியது, ஆணிகள் முனகின. ஆண்கள் தாவிப் பிடித்தார்கள். அவர்களையும் தொங்கவிட்டுக்கொண்டு அது மேலேயே நின்றது. வெரோனா மேசை மேல் ஏறி, பெட்டியின் ஒரு காலை ஒரு கையால் பிடித்தாள். பெட்டி மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. அவள் அதன் மேல் உட்கார்ந்து அழுதாள்.

அவள் எழுந்தால் பெட்டியும் எழுந்தது. அதனால் தந்தி வந்த வீட்டுத் தாய்மார்கள் முறை வைத்து, பின்னல் வேலையோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தியே போதுமாயிருந்தது. அதிகாரி வந்தபோது கோவாச்சின் தாய் உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டியைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. நிதிநிலை உறுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

போர் முடிந்து, பணம் சேர்ந்து, இப்போது பெட்டி தானாகவே தரையில் நிற்கிறது. வெரோனா செவ்வாய்க்கிழமைதோறும் வந்து அதன் மேல் உட்காருகிறாள். நாங்கள் யாரும் அவளுக்கு நாற்காலி போடுவதில்லை.