எட்டு பத்து பஸ்ஸின் கடைசி அத்தியாயம்

வேல்சாமியின் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘இளையோர் நாவலாசிரியர்’ என்றிருக்கும். வயது ஐம்பத்திரண்டு என்பது கார்டில் கிடையாது. “இளைஞர்களின் மனதுக்குள் குடியிருக்கிறேன்” என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்வார். உண்மையில் அவர் குடியிருந்தது, சங்கரன்கோவிலிலிருந்து காலை எட்டு பத்துக்கு மேலநீலிதநல்லூர் போகும் டவுன் பஸ்ஸில், கல்லூரிப் பெண்களுக்குப் பின் சீட்டில்.

கையில் விரித்த பேப்பர். பேப்பருக்குள் நோட்டு. முன் சீட்டில் தேன்மொழியும் பொன்செல்வியும் தங்கள் வகுப்பு ஏஞ்சலின் காதல் விவகாரத்தைத் தினமும் கொஞ்சம் பேசுவார்கள். இவர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்வார். பிறகு மேலநீலிதநல்லூரில் ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி உரக்கடையைத் திறப்பார். இப்படியே பதினாறு அத்தியாயம் தேறிவிட்டது.

சென்னைப் பதிப்பாசிரியர் போனில் சொன்னார்: “சார், போன நாவல்ல எல்லாரும் மேடையில பேசின மாதிரி இருந்துச்சு. இதுல உயிர் இருக்கு. கடைசி அத்தியாயம் வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். இல்லன்னா புத்தகக் கண்காட்சிக்குக் கிடையாது.”

அந்த வாரம் பார்த்துப் பெண்கள் பரீட்சையைப் பற்றியே பேசினார்கள். காதலன் அபிஷேக்கின் பெற்றோர் வீட்டுக்கு வந்தபோது ஏஞ்சல் என்ன சொன்னாள் என்று மூச்சு விடவில்லை. புதன்கிழமை வேல்சாமி தானே எழுதிப் பார்த்தார். அவருடைய ஏஞ்சல் ஒழுக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் பேசிவிட்டு, கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கப் போனாள். திரும்பப் படித்தவருக்கே கொட்டாவி வந்தது.

வியாழக்கிழமை பஸ்ஸில் பேப்பரை மடித்தார்.

“ஏம்மா, அந்த ஏஞ்சல் கடைசியில என்னதான் சொன்னா?”

“பாத்தியாட்டி, கேட்டுட்டாவ!” என்றாள் பொன்செல்வி. “நான் சொன்னேம்லா?”

“எங்க வகுப்புல ஏஞ்சலே கிடையாது அண்ணாச்சி,” என்றாள் தேன்மொழி. “ரெண்டு மாசமா ஒரே பேப்பரை விரிச்சு வச்சு எழுதுதீங்க. பாவமா இருந்துச்சு. ஆளுக்கொரு நாளா கதை கட்டி விட்டோம்.”

வேல்சாமி செருமினார். “படைப்பாளிக்குத் தூண்டுதல் எங்கிருந்தும் வரலாம். முடிவைச் சொல்லுங்க.”

“சொல்லுதோம். அட்டையில எங்க பேரு வரணும்.”

“நன்றிப் பக்கத்துல போடுதேன்.”

“அப்ப முடிவையும் நீங்களே போட்டுக்கிடுங்க.”

கல்லூரி நிறுத்தம் வந்தது. இருவரும் இறங்கினார்கள். வேல்சாமி நோட்டைப் பிரித்தார். ஏஞ்சல் இன்னும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“ஏம்மா! அட்டையிலயே போடுதேன்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“எந்தச் சைஸ்ல?” என்றாள் தேன்மொழி.

“என் பேரு சைஸ்லயே.”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “அண்ணாச்சி, இறங்குதீங்களா, இல்லையா?”

வேல்சாமி இறங்கினார். தேன்மொழி நோட்டுக்கும் பேனாவுக்கும் கை நீட்டினாள்.