மிதமான சேதம்

தலைமையாசிரியை செய்த ஒரே தப்பு, படிவத்தில் உண்மையை எழுதியதுதான்.

பள்ளிக் கட்டட நிதிக்கு விண்ணப்பிக்கும் படிவம் அது. ஒவ்வொரு அறைக்கும் நேராக நாலு கட்டம்: நல்ல நிலை, சிறு பழுது, மிதமான சேதம், மிக மோசம். மூன்றாம் வகுப்பு அறையில் நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பாட்டம் வெளியே தெரிந்தன. மழை பெய்தால் ஒழுகும், வெயில் அடித்தால் உதிரும். போன மாதம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கணக்கு நோட்டின் மேல் விழுந்தது. நோட்டுக்குச் சொந்தக்காரி நல்லவேளையாகத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். நாற்பத்திரண்டு பிள்ளைகள் உட்காரும் அறை. அவள் யோசிக்காமல் நாலாவது கட்டத்தில் டிக் அடித்தாள்.

பட்டியல் வந்தது. அடுத்த தெருப் பள்ளிக்கு நிதி கிடைத்திருந்தது. கதவு திறக்கும்போது கிறீச்சிடும் என்பதைத் தவிர அந்தக் கட்டடத்துக்கு வேறு வியாதி கிடையாது. இவள் பள்ளியின் பெயரோ பட்டியலிலேயே இல்லை.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனாள். நிதிப் பிரிவின் கண்காணிப்பாளருக்குப் பள்ளிகள் வைத்த பெயர் ‘சுற்றறிக்கை’. மனிதர் தும்மினாலும் அதற்கு ஒரு விதி எண் சொல்லுவார். கோப்புகளுக்கு நடுவே தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

“மிக மோசம்னு நீங்களே டிக் போட்டிருக்கீங்களே மேடம். அது இடிக்க வேண்டிய கட்டடங்க லிஸ்ட்டுக்குப் போயிடும். அது வேற பிரிவு.”

“சரி சார், அவங்க எப்ப இடிச்சுக் கட்டுவாங்க?”

“அந்தப் பிரிவுக்குத்தான் நிதியே ஒதுக்கலையே.”

“அப்போ ரொம்ப மோசமா இருக்கிற பள்ளிக்கு மட்டும் ஒண்ணும் கிடையாதா?”

“அப்படி எல்லாம் சொல்லக்கூடாது. தலைப்பு வேற, அவ்வளவுதான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் மூணாவது கட்டத்துலதான் போடுவாங்க. நீங்க புதுசு, பாவம். கட்டடத்தோட நிலை இப்ப மேம்பட்டிருக்குன்னு ஒரு கடிதம் குடுங்க, மாத்திடலாம்.”

“யார் மேம்படுத்தினாங்கன்னு எழுதறது?”

“அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க.”

காய்ச்சல்காரன் ஒரு நாள் தூங்கி எழுந்தால் தேறுவான். கான்கிரீட் கூரை யாரும் தொடாமல் தானாகத் தேறுகிற அதிசயம் அந்த அலுவலகத்தின் கோப்புகளில் மட்டும்தான் நடக்கும். அங்கே அது தினமும் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

வீட்டில் சொன்னாள். அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“பிரேக் பிடிக்காத வண்டிக்கு பிரேக் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தாத்தான் ஷெட்டுல ஏத்துவாங்களா? நல்ல கதைடி. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் கையெழுத்துதான் முதல்ல முன்னால வந்து நிக்கும்.”

“எழுதலைன்னா மட்டும் விழாம இருக்குமாங்க?”

“பிள்ளைங்கள வராண்டாவுல உக்கார வையேன்.”

வைத்துப் பார்த்தாயிற்று. ஒரே வாரத்தில் மெமோ வந்தது. அறையைப் பயன்படுத்தவில்லை என்றால் அது தேவையில்லாத அறை; தேவையில்லாத அறைக்கு ஆசிரியர் எதற்கு, பணியிடத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் திரும்பவும் அந்தக் கூரைக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தார்கள்.

அவள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சரிபார்க்கப் பொறியாளர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் அட்டை. வாசற்படி வரை விறுவிறுவென்று வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் எழுந்து “வணக்கம் சார்” என்று ராகம் போட்டார்கள். அவர் பார்வை கூரையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இறங்கியது.

“உள்ள வந்து பாருங்க சார்.”

“வேணாம் மேடம், இங்கேருந்தே நல்லாத் தெரியுது.”

வாசற்படிக்கு வெளியே நின்றபடியே ‘மிதமான சேதம்’ என்று எழுதினார். எழுதும்போதும் ஒரு கால் பின்னாலேயே இருந்தது. அந்தக் காலைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிதி வந்தது. கூடவே எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற பட்டியலும் வந்தது: வெள்ளையடித்தல், ஜன்னல் கண்ணாடி, தரை. கூரை இல்லை. சுற்றறிக்கைக்குப் போன் போட்டாள்.

“கூரைன்னா அது மிக மோசத்துல வரும் மேடம். உங்களோடது மிதம்தானே? நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே” என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

ஆக, கூரை நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னால்தான் நிதி. நிதி வந்தபிறகு கூரையைத் தொடக்கூடாது. இந்த ஏற்பாட்டைப் போட்ட மூளைகளுக்குச் சம்பளம், வாகனம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. வெளிர்நீலத்தில் பெயின்ட் அடித்தார்கள். பெயின்டர் உள்ளே ஏணி போட மறுத்து, நீளக் கழியில் உருளையைக் கட்டி வாசலில் நின்றபடியே கூரையைத் தடவினான். துருப்பிடித்த கம்பிகளும் நீலமாயின. பூசி மெழுகுவது என்றால் இதுதான்.

பணி நிறைவு விழாவுக்குப் பள்ளிக் கல்வி இயக்குநரே வருவதாகக் கடிதம் வந்தது. இப்படிப்பட்ட விழாக்களை எல்லோரும் மைதானத்தில் பந்தல் போட்டுத்தான் நடத்துவார்கள். அவள் நாற்காலிகளை மூன்றாம் வகுப்பு அறையில் போட்டாள். வரவேற்பு கொடுக்கவென்று பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்தாள். கூரை ரொம்பவும் பெயர்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே இயக்குநரின் நாற்காலி; அதை ஒட்டித் தன்னுடையது.

இயக்குநர் நல்ல பருமன். வந்தார், உட்கார்ந்தார், சுவரைத் தடவிப் பார்த்தார். “பிரமாதமா பண்ணிருக்கீங்களே” என்றார். சுற்றறிக்கையும் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டினார். பொறியாளர் மட்டும் வாசலில் நின்றார்.

“நீங்க ஏன் வெளிய நிக்கறீங்க? உள்ள வாங்க” என்றார் இயக்குநர்.

“பரவால்ல சார்.”

“வாங்க சார், மிதமான சேதம்தானே” என்றாள் அவள்.

பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. கூரையைப் பார்த்தார், இயக்குநரின் தலையைப் பார்த்தார். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்காக அன்று திறக்காத வாய் இப்போது திறந்தது.

“சார்... நீங்களும் வெளிய வந்துடுங்க.”

அந்த உடம்பு அவ்வளவு வேகமாக எழும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நாற்காலி கவிழ்ந்தது. அவருக்குப் போட வைத்திருந்த மாலை அவள் கையிலேயே இருக்க, கார் கிளம்பிவிட்டது.

இனியாவது விடிவுகாலம் என்று அவள் நம்பினாள். பத்தே நாளில் உத்தரவும் வந்தது. உயர் அலுவலர்களின் பாதுகாப்பைக் கருதி, பள்ளி விழாக்கள் யாவும் இனித் திறந்தவெளியிலேயே நடத்தப்பட வேண்டும். விழாவில் பங்கேற்கும் வகுப்பின் அறை அன்று பயன்பாட்டில் இருந்ததாகவே கருதப்படும். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று தடவை படித்தாள். ஆத்திரத்தில் கண் கலங்கியது. பிறகு, ‘கருதப்படும்’ என்று முடிந்த அந்த வரியை நாலாவது தடவை படித்தாள். விழா என்று எழுதினால் அறை பூட்டிக் கிடந்தாலும் மெமோ வராது. மூன்றாம் வகுப்பு அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பதிவேட்டில் எழுதினாள்: ‘மூன்றாம் வகுப்பு, இன்று விழா.’

கணவன் டிப்போவிலிருந்து பழைய தார்ப்பாய் கொண்டுவந்து மைதானத்தின் ஓரத்தில் கட்டிக் கொடுத்தான். “தினமும் என்ன விழான்னு எழுதுவே?” என்றான். வாசிப்பு விழா, மரம் நடு விழா, வாய்ப்பாடு விழா. எழுதுவதற்கா பஞ்சம்? பொய் எழுதத்தான் அவர்களே பழக்கிக் கொடுத்துவிட்டார்களே.

பத்தொன்பதாவது விழா அன்று, ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, பூட்டிய அறைக்குள் இடி இறங்கியதுபோல் சத்தம் கேட்டது. அதிர்வில் உடைந்த ஜன்னல் வழியே நீலப் புழுதி வெளியே வந்தது. பிள்ளைகள் கத்தவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எண்ணினாள். நாற்பத்திரண்டு. திரும்பவும் எண்ணினாள்.

சுற்றறிக்கைக்குப் போன் போட்டாள். “சார், மூணாம் வகுப்புக் கூரை விழுந்துடுச்சு.”

அவர் கேட்டார்: “இன்னிக்கு விழா நாள்தானே மேடம்? பதிவேட்டுல எழுதிட்டீங்கல்ல?”

“எழுதிட்டேன்.”

“அப்பாடா” என்றார் அவர். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். போன் வைக்கப்பட்டுவிட்டது.