வருஷப் பிறப்பு மேட்னி

பஷீர் அகமது பார்த்த படங்களில் உருப்படியான படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. திருச்சிக்கு வரும் படம் எதையும் அவன் விட்டதும் கிடையாது. பெரிய கடைவீதியில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்தான். கடையைச் சாத்திவிட்டு ராத்திரி ஆட்டத்துக்குப் போவான். மறுநாள் மத்தியானம் சோற்றின் முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தைக் கிழி கிழியென்று கிழிப்பான்.

"அந்த ராஜாவுக்கு ஒழுங்கா நடக்கவே தெரியலை, அவனைப் போயி குதிரையில ஏத்தி வச்சிருக்கானுங்க" என்பான். "அவ அழுதா நமக்குச் சிரிப்பு வருது, சிரிச்சா பயமா இருக்கு" என்பான். சோறு போட்டுக்கொண்டே ஹாஜிரா கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. அந்த வீட்டுப் பெண்கள் போவதில்லை, அவ்வளவுதான். போகிறவன் பேசுவான், போகாதவள் கேட்பாள். சோற்றில் ஊற்றும் ஆணத்தில் உப்புக் குறைந்தால் சொல்வதுபோல் அத்தனை அலட்சியமாக அவன் படங்களைத் தள்ளுவதைக் கேட்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு மட்டமென்றால் எதற்கு வாராவாரம் ஓடுகிறாய் என்று நாக்கு நுனிவரை வரும். கேட்டதில்லை.

அவளுக்குப் படம் காட்டியது அடுத்த வீட்டு லூர்துராணி. புருஷன் பொன்மலை ரயில்வேயில் வேலை. தம்பி அடைக்கலம் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவன் என்பதால் லூர்துராணிக்கு எந்தப் படமும் தப்பாது. பார்த்துவிட்டு வந்து கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, பாட்டு உட்பட முழுக் கதையையும் சொல்வாள். ஒரே படத்தை அவள் சொன்னால் ஹாஜிராவுக்கு அழுகை வரும், பஷீர் சொன்னால் எரிச்சல் வரும்.

அந்த வருஷம் சித்திரை பிறந்த அன்று ஒரு படம் வந்தது. ஆற்றங்கரைக் காட்சிகளையெல்லாம் முக்கொம்பில் எடுத்திருக்கிறார்கள் என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. சோடா விற்கிறவன் முதல் வக்கீல் வரைக்கும் அதைப் பற்றித்தான் பேச்சு. பஷீர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தன்னைப் பெற்ற அத்தா மௌத்தாகிப் போன துக்கத்தில் வீடு இருக்கிறதே, அதற்காகத்தான் மனுஷன் சினிமாப் பேச்சை விட்டிருக்கிறான் என்று ஹாஜிரா நினைத்தாள். அதற்காக அவன்மேல் கொஞ்சம் நன்றிகூட வந்தது. அந்த நன்றியை நினைத்துப் பின்னால் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் அத்தா போனதும் அதே வருஷப் பிறப்பன்றுதான். காட்டூரிலிருந்து அவளுடைய அண்ணன் ஆள் அனுப்பியிருந்தான். "மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு. ஹாஜிரா, ஹாஜிராங்கிறாரு. உடனே வரச் சொன்னாங்க." அப்போது பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். குதிரைவண்டி பிடித்தால் காட்டூர் எவ்வளவு தூரம்? ஆனால் புருஷனிடம் கேட்காமல் படி இறங்குவது அந்த வீட்டு வழக்கமில்லை. மாமியார் சாரா பீவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் வந்து கூட்டிக்கிட்டுப் போவான். கேக்காம போனேன்னா நாளைக்கு எனக்குத்தான் பேச்சு. இரு."

கடைக்கு ஆள் போனது. பஷீர் இல்லை. அரியமங்கலத்துப் பட்டறைக்குப் பெட்டி எடுக்கப் போயிருப்பதாகக் கடையில் வேலை பார்த்த நல்லதம்பி சொன்னான். சொன்னதோடு நிற்காமல், கொளுத்துகிற வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அரியமங்கலத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். பஷீர் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு காட்டூர் போனால் அடக்கத்துக்கு ஜனாஸா புறப்பட்டுப் போயிருந்தது. வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்றார்கள். கபரஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. காலியாகக் கிடந்த கட்டிலைத்தான் ஹாஜிரா பார்த்தாள். "பட்டறையிலேருந்து வேற வழியா வந்தேன், நல்லதம்பி என்னைத் தவறவிட்டுட்டான்" என்று பஷீர் எல்லோரிடமும் சொன்னான். அவளும் நம்பினாள்.

அத்தாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முதல் நாள் காலையில் நெய்ச்சோற்றுக்கு அரிசி பொறுக்க லூர்துராணி கூட வந்து உட்கார்ந்தாள். கை முறத்தில் இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "இன்னும் ஓடுது பாரு" என்று அந்த முக்கொம்புப் படத்தை ஆரம்பித்தாள். சந்தேகப்பிராணியான ஒரு புருஷன், வாயில்லாப் பூச்சியான ஒரு மனைவி. அவன் பேசுகிற பேச்சுத் தாங்காமல் அவள் காவேரியில் விழுகிறாள். படகுக்காரன் ஒருவன் தூக்கிக் கரை சேர்க்கிறான். புருஷன் அவள் காலில் விழ, பாட்டோடு சுபம்.

"மொத நாளு மத்தியான மேட்னியில இந்தச் சுபம் கிடையாது, தெரியுமா?" என்று லூர்துராணி சிரித்தாள். "மொதல்ல எடுத்தபடி அவ செத்துப் போயிடுவாளாம். வருஷப் பிறப்பும் அதுவுமா சீரங்கத்துலேருந்து குடும்பம் குடும்பமா பெருமாளைச் சேவிச்சுட்டு நேரா கொட்டகைக்கு வந்திருக்காங்க. நல்ல நாள்ல ஒரு சுமங்கலி நம்ம காவேரியிலயே முழுகிச் சாகுறதைக் காட்டினா விடுவாங்களா? நாற்காலியெல்லாம் பறந்துச்சாம். அடைக்கலத்துக்கு நெத்தியில அடி. மொதலாளி பயந்துபோயி அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுட்டு, சாயங்கால ஆட்டத்துக்கே நடுவுல வர்ற படகுப் பாட்டைத் தூக்கிக் கடைசியில ஒட்டிட்டாரு. கால்ல விழுற சீனை அப்புறம் கம்பெனியே எடுத்து அனுப்பிச்சுது. அவ செத்ததைப் பாத்தது அந்த ஒரு மேட்னிக் கூட்டந்தான்."

ஹாஜிராவும் சிரித்தாள். அத்தா போனபிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

மத்தியானம் பஷீர் சாப்பிட வந்தான். தெருமுனைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி அந்தப் படத்துப் பாட்டைத்தான் அலறிக்கொண்டிருந்தது. "காலையிலேருந்து காது கிழியுது" என்றாள் சாரா பீவி. அவ்வளவுதான், இத்தனை நாளாய் அடக்கி வைத்திருந்த பஷீரின் வாய் அவிழ்ந்துகொண்டது.

"பாட்டா அது? படமும் அந்த லட்சணந்தான். முக்கொம்பு, முக்கொம்புன்னு கூத்தடிச்சானுங்க. ரெண்டு மரத்தையும் மதகையும் காட்டிட்டு, மிச்ச நேரம் பூரா ஒப்பாரி."

"லூர்துராணி அக்கா நல்லாருக்குன்னாங்க" என்றாள் ஹாஜிரா.

"அவளுக்கு என்ன தெரியும்? புருஷன் ரெண்டு வார்த்தை சொன்னா ஒருத்தி ஆத்துல விழுந்து சாவாளா? அப்படிச் செத்தா சாகட்டுமே, நமக்கென்ன நஷ்டம்?"

"அவ சாகலியேங்க. படகுக்காரன் காப்பாத்திடுறான்."

பஷீர் உருட்டிய சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். சினிமா விஷயத்தில் அந்த வீட்டில் அவனை ஒருவரும் திருத்தியதில்லை.

"பாத்தவன் நானா, நீயா?"

"நீங்கதான். எப்பப் பாத்தீங்க?"

"போன வாரம், பக்கத்துக் கடை ஜெகபர் அலியோட. செத்துத்தான் போறா. புடவை மட்டும் மதகுல வந்து சிக்கிக்கிட்டு மிதக்குது, படத்தை முடிச்சுட்டான். பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரே கூச்சல். எனக்கு முன்னால இருந்த ஒருத்தன் சோடா பாட்டிலைத் தூக்கித் திரையில அடிச்சான். டிக்கெட் கிழிக்கிறவன் மண்டை ஒடைஞ்சுது. இந்தக் கண்ணால பாத்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கதை கேக்குறவ எனக்குச் சொல்ல வந்துட்டா!"

ஹாஜிராவின் கையில் ஆணச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"டிக்கெட் கிழிக்கிறவன் மண்டை ஒடைஞ்சது வருஷப் பிறப்பன்னிக்கு" என்றாள். "மேட்னியில. அவ செத்தது அந்த ஒரு ஆட்டத்துலதான். அன்னிக்குச் சாயங்காலமே அதை வெட்டிட்டாங்க. போன வாரம் நீங்க பாத்திருந்தா அவ உசிரோட இருந்திருப்பா."

பஷீரின் வாய் சோறில்லாமல் ஒரு தடவை அசைந்தது.

"அரியமங்கலத்துல இருந்தேன்னு சொன்னீங்க. அந்த நல்லதம்பி வெயில்ல நாயா அலைஞ்சான். நீங்க பங்கா காத்துல உட்கார்ந்து எவளோ ஒருத்தி சாகுறதைப் பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க. எங்க அத்தா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போயிட்டாரு."

"சோத்துல உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட இப்படியா பேசுறது?" என்று சாரா பீவி குரலை உயர்த்தினாள். "அவன் என்ன, தெரிஞ்சா போனான்?"

"தெரியாமத்தான் போனாரு மாமி. தெரிஞ்சுதான் பொய் சொன்னாரு. நாப்பது நாளா என் கையால வாங்கித் தின்னுக்கிட்டே சொன்னாரு. நீங்க நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, இவருக்காகத்தானே நின்னீங்க?"

தெருமுனைப் பாட்டு முடிந்து வேறு பாட்டு ஆரம்பித்தது. பஷீர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மன்னிப்பு வரும் என்று ஹாஜிரா காத்து நின்றாள். மன்னிப்பதாக உத்தேசமில்லை, இருந்தாலும் அவன் வாயால் கேட்கட்டும் என்று நின்றாள். வாழ்நாளெல்லாம் படங்களைத் திட்டியே பழகிய வாயில் வேறெதுவும் வரவில்லை.

"அந்தப் படம் நல்லாவே இல்ல, ஹாஜிரா" என்றான், தணிந்த குரலில்.

"பாதியிலயே எந்திரிச்சு வந்திருக்கலாமே" என்றாள் அவள். "நான் எங்க அத்தா மொகத்தைப் பாத்திருப்பேன்."