தொழில் என்கிற கட்டம்

பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு தனுஷா ஆஸ்பத்திரிப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சற்குணத்தின் பெயர், பிறந்த திகதி, ஒஸ்லோ அம்மருட் வீட்டு விலாசம் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டம் 'தொழில்' என்று கேட்டது. கை அதில்தான் நின்றுவிட்டது.

இரண்டு வருஷமாகத் தன் சுவாசப்பையோடு மல்லுக்கட்டிய மனிதர், காலை எட்டு மணிக்குப் போய்விட்டார். இப்போது பதினொன்று. டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. உடலைத் திறந்து பார்க்கச் சம்மதமா என்று பன்னிரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும், மனைவி கையெழுத்திட வேண்டும். வேலையால் வந்த வருத்தமென்றால் தூசி உள்ளே இருக்கும். எரித்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

"வாத்தியார் எண்டு எழுது பிள்ளை," என்றார் அம்மா கனகம்மா. "மரண அறிவித்தலிலயும் கணக்கு வாத்தியார் எண்டுதான் போடப்போறம். வெட்டுறதெல்லாம் வேண்டாம். அந்த மனுசன் பட்டது காணும்."

யாழ்ப்பாணத்தில் வாத்தியார்தான். ஒஸ்லோவில், பழைய உலோகம் உருக்கும் தொழிற்சாலையில் புகை வடிகட்டும் துணிப்பைகளை உதறித் துப்புரவாக்கியவர். தனுஷாவுக்கோ அந்தப் புகையின் மறுமுனையில் உத்தியோகம். தொழிற்சாலைகள் அனுப்பும் புகை அளவுகளைச் சரிபார்த்து ஐரோப்பிய மாசுப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஓர் எல்லைக்குக் கீழே நின்றால் தொழிற்சாலையின் பெயரே அதில் ஏறாது. அப்பாவின் தொழிற்சாலை அவள் சரிபார்த்த மூன்று வருஷமும் மயிரிழையில் கீழே நின்றது.

அந்த அளவுத் தாள்களில் ஒவ்வொரு விடையின் கீழும் அடிமட்டம் வைத்துக் கீறிய இரட்டைக் கோடு இருந்தது. சின்ன வயதில் அவளுடைய கணக்குக் கொப்பியில் விழுந்த அதே கோடு. பார்த்ததுமே அப்பாவின் கை என்று தெரிந்தது. ஆனாலும் யாரிடமும் சொல்லாமல், சரி என்று குறித்து அனுப்பிவிட்டாள்.

நேற்றுப் பின்னேரம் அப்பா ஒட்சிசன் மூடியை விலக்கினார். "சூப்பவைசர் சொல்லச் சொல்ல நான்தான் குறைச்சு எழுதினனான். உனக்குத் தெரியும்தானே?"

"ஓம் அப்பா."

அப்பா மூடியைத் திரும்ப முகத்தில் வைத்துக்கொண்டார்.

இப்போது உள்ளதை எழுதினால் அந்தத் தாள்களைத் தோண்டுவார்கள். அப்பாவின் பெயர் நாறும், அவளுடைய உத்தியோகமும் போகும். வாத்தியார் என்று எழுதினால் எல்லாம் சாம்பலோடு சரி.

"வேண்டாம் பிள்ளை," என்றார் பேனாட். அப்பாவோடு அதே வடிகட்டி அறையில் வேலை செய்தவர். செய்தி கேட்டதும் பாதி வேலையில் ஓடி வந்து, சாம்பல் நிறம் ஏறிய மேற்சட்டையைக் கதிரையில் போட்டிருந்தார். "விசாரணை எண்டு வந்தா ஃபெக்டரியைப் பூட்டிப்போடுவாங்கள். இந்த வயசில நான் எங்கை போறது? அண்ணைக்கும் கெட்ட பேர்."

சொல்லி முடிக்க முன்னரே இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். வறட்டு இருமல் இரண்டு, பிறகு நீளமாக ஓர் இழுப்பு. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

"டொக்டரிட்டைக் காட்டினீங்களோ மாமா?"

"இது சும்மா தடிமன்."

"அப்பாவும் அதைத்தான் சொன்னவர்."

தனுஷாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாமேல், பேனாட்மேல், எல்லாரையும் விடத் தன்மேல். விறுவிறென்று எழுதினாள். தொழில்: வடிகட்டி அறைத் தொழிலாளி. எத்தனை ஆண்டுகள்: 14. உடலைத் திறக்கச் சம்மதம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, படிவத்தை அம்மாவின் முன்னால் தள்ளினாள்.

"வாத்தியார் எண்டு எழுதேல்லை அம்மா. ஃபில்டர் ரூம் வேலை எண்டு எழுதியிருக்கிறன். வெட்டவும் ஓம் எண்டு போட்டிட்டன். நீங்க சைன் வைச்சாத்தான் செல்லும்."

அம்மா அழப்போகிறார் என்று பயந்தாள். பேனாட் மறுபடி இருமினார். அம்மா அவரைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"இதென்ன பதினாலு?"

"அப்பா அப்பிடித்தானே சொன்னவர்?"

"பதினாறு. முதல் ரெண்டு வருஷம் கந்தோரில கிளாக்கர் வேலை எண்டு கழுத்தில ரை கட்டிக்கொண்டு போனவர். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சவர். உடுப்புத் தோய்ச்சது ஆர்?"

தனுஷா பதினாலை வெட்டிப் பதினாறு என்று எழுதினாள். அம்மா கையெழுத்துப் போட்டார்.

பிறகு எழுந்து போய், கதிரையில் கிடந்த பேனாட்டின் மேற்சட்டையை மெல்லத் தூக்கினார். தூசி வெளியே உதிராதபடி உட்புறம் திருப்பி, கைகளை உள்ளே விட்டுச் சுருட்டி, பையொன்றில் வைத்து முடிச்சுப் போட்டு, டொக்டரிடம் போகவிருந்த படிவத்தோடு சேர்த்து வைத்தார்.